ஸ்காலப் என்றால் சிப்பியா, தையலா, பஜ்ஜியா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருபத்திரண்டு வருஷமாக ஜாக்கெட் தைக்கிறேன். "அக்கா, கையில ஸ்காலப் வச்சுக் குடுங்க" என்று யாராவது கேட்காத வாரம் கிடையாது. அவர்களில் பாதிப் பேர் துணியை என் கையில் கொடுத்த பிறகு, "ஆமா, ஸ்காலப்னா என்னக்கா?" என்பார்கள். முதலில் எனக்கும் தெரியாது. மகள் காலேஜில் பிரெஞ்சு படிக்கிறாள். அக்காவைக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் கட்டிக் கொடுத்திருக்கிறது. மாமா கடலுக்குப் போகிறவர். மகளிடம் கொஞ்சம், மாமாவிடம் கொஞ்சம், புத்தகங்களில் மிச்சம் என்று சேர்த்துவைத்த பதில்கள் இவை.

ஒரே வரியில் சொல்லுங்கள், ஸ்காலப் என்றால் என்ன?

விரித்த விசிறி போல இருக்கும் ஒரு கடல் சிப்பி. அதன் ஓரம் வளைந்து வளைந்து போவதால், அப்படிப் போகிற எந்த ஓரத்துக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. ஜாக்கெட் கை, புடவை பார்டர், மேஜை விரிப்பு, கேக் மேல் கிரீம், மண்டபத்து வாசல் வளைவு எல்லாம் இதில் அடக்கம்.

ஒரு வரிதான் கேட்டீர்கள், இருந்தாலும் இதைச் சொல்லிவிடுகிறேன். கடலைப் பார்த்துக்கொண்டே வாழ்கிற ஊர் எங்களுடையது. ஆனாலும் இந்தச் சொல் எங்களுக்குக் கடல் வழியாக வரவில்லை, தையல் கடை வழியாகத்தான் வந்தது. மாமா முப்பது வருஷமாக வலை போடுகிறார். ஸ்காலப் என்ற பெயரை அவர் முதன்முதலில் கேட்டது, அக்காவுக்கு நான் தைத்துக் கொடுத்த ஜாக்கெட்டைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது.

ஸ்காலப்பா, ஸ்கேலப்பா?

எழுத்தைப் பார்த்துப் படிக்கிறவர்கள் ஸ்கேலப் என்கிறார்கள். ஆங்கிலேயர்களில் பெரும்பாலோர் வாயைக் குவித்து 'ஸ்கொலப்' என்பதுபோலச் சொல்கிறார்கள். எங்கள் கடைத்தெருவில் ஸ்காலப். மூன்றில் எதைச் சொன்னாலும் கை வளைந்துதான் வரும்.

இந்தச் சொல் எங்கே பிறந்தது?

ஆங்கிலத்துக்கு இதைக் கொடுத்தது பிரெஞ்சு. பழைய பிரெஞ்சில் 'எஸ்கலோப்' என்றால் சிப்பி ஓடு. 1400ஐ ஒட்டிய காலத்தில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. முன்னால் இருந்த 'எ' உதிர்ந்து ஸ்காலப் ஆனது. பிரெஞ்சுக்காரர்களுக்கும் இது பாட்டன் சொத்து இல்லை. ஜெர்மானிய மொழிகளிடமிருந்து வாங்கியது என்பதுதான் சொல்லாய்வாளர்கள் கருத்து. டச்சுக்காரர்கள் இன்றைக்கும் சிப்பியை 'ஸ்ஹெல்ப்' என்கிறார்கள்.

ஆங்கிலத்தில் இதற்கு நிறையப் பங்காளிகள் உண்டு. ஓட்டைக் குறிக்கும் 'ஷெல்', மீன் செதிலைக் குறிக்கும் 'ஸ்கேல்', தராசுத் தட்டைக் குறிக்கும் இன்னொரு 'ஸ்கேல்' எல்லாம் அதே கொடியில் காய்த்தவை. வெட்டுவது, பிளப்பது என்பது அந்த வேரின் பொருள். கடலூர் முதுநகரில் மீன்கார அம்மா ஒருவர் வஞ்சிரத்தைத் தராசில் போட்டு, செதில் சீவி, துண்டு போடுவதைப் பார்த்தபடி நின்றேன். இந்தச் சொற்குடும்பம் முழுவதும் அவர் உட்கார்ந்திருந்த பலகையைச் சுற்றியே கிடந்தது.

ஹோட்டலில் 'எஸ்கலோப்' என்று போட்டிருந்தது. சிப்பி என்று நினைத்துச் சொன்னோம், கோழி வந்தது. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. ஓட்டைக் குறித்த அதே பழைய சொல், பிரெஞ்சில் பிறகு மெல்லிய இறைச்சித் துண்டுக்குப் பெயரானது. தட்டித் தட்டி மெலிதாக்கிய துண்டைச் சட்டியில் போட்டால் ஓரம் சுருண்டு கிளிஞ்சல் மாதிரி நிமிரும், அதனால்தான் இந்தப் பெயர் என்று பொதுவாக விளக்கம் சொல்வார்கள். இத்தாலியில் 'ஸ்கலொப்பினே' என்பதும் அதே மாதிரித் துண்டுதான்.

ஆக ஒரே சொல் இரண்டு வீட்டில் வாழ்க்கைப்பட்டது. ஆங்கிலத்தில் சிப்பியாகவே இருந்துவிட்டது, பிரெஞ்சில் இறைச்சியாகிவிட்டது. புதுச்சேரியில் இரண்டு மொழிப் பெயரும் ஒரே மெனு கார்டில் அச்சாவதால் இந்தக் குழப்பம் நமக்கு அதிகம். எஸ்கலோப் என்றிருந்தால் இறைச்சி, ஸ்காலப் என்றிருந்தால் சிப்பி. சேன் ழாக் என்றிருந்தாலும் சிப்பிதான்.

பிரெஞ்சுக்காரர்கள் சிப்பியை என்னவென்று சொல்வார்கள்?

'கொக்கீய்'. இதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன்.

கொக்கீய் லத்தீன் வழியாகக் கிரேக்கத்தின் 'கொங்க்கே' என்ற சொல்லுக்குப் போகிறது. சமஸ்கிருதத்தில் 'சங்க' என்பது அதோடு ஒரே வயிற்றில் பிறந்தது என்பது மொழியியலில் பரவலாக ஒப்புக்கொண்ட விஷயம். அந்தச் 'சங்க'தான் தமிழில் சங்கு. மகள் இதைப் பாடத்தில் படித்துவிட்டு வந்து சொன்ன அன்று மார்கழி. தெருக்கோடியில் சங்கு ஊதிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக்காரத் தெருவில் தட்டில் வைத்துக் கொடுக்கிற கொக்கீயும், மார்கழி விடியற்காலையில் ஊதுகிற சங்கும் தூரத்துச் சொந்தம்.

கூடவே இன்னொன்று. பிரெஞ்சில் அச்சுப் பிழைக்கும் கொக்கீய் என்றுதான் பெயர். மகளின் பரீட்சைத் தாளில் ஆசிரியர் சிவப்பு மையில் 'மூன்று கொக்கீய்' என்று எழுதியிருந்ததைப் பார்த்து, கிளாசில் ஏதோ சமையல் செய்யச் சொல்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துவிட்டேன்.

'கொக்கீய் சேன் ழாக்' என்பதில் வரும் சேன் ழாக் யார்?

நம்ம சந்தியாகப்பர்.

இயேசுவின் பன்னிரண்டு சீடர்களில் ஒருவரான யாக்கோபு. அந்தப் பெயர் பிரெஞ்சில் ழாக், ஆங்கிலத்தில் ஜேம்ஸ், ஸ்பெயின் போர்ச்சுக்கல் பக்கம் இயாகோ. புனிதர் என்ற 'சான்ட்'டை முன்னால் சேர்த்தால் சந்தியாகோ. போர்ச்சுக்கீசியர் வாயிலிருந்து அந்தப் பெயரை வாங்கிய தமிழ்க் கிறிஸ்தவர்கள், மரியாதைக்கு ஓர் 'அப்பர்' சேர்த்துச் சந்தியாகப்பர் ஆக்கினார்கள். கடலூரிலும் புதுச்சேரியிலும் சந்தியாகு என்று பெயருள்ள தாத்தாக்களை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிரெஞ்சுப் பெயரை அப்படியே தமிழில் சொன்னால் 'சந்தியாகப்பர் சிப்பி' என்றுதான் வரும். ஜெர்மன்காரர்களும் டச்சுக்காரர்களும்கூட யாக்கோபு சிப்பி என்றே சொல்கிறார்கள்.

அவருக்கும் சிப்பிக்கும் என்ன சம்பந்தம்? ஸ்பெயினின் வடமேற்கு மூலையில் கலீசியா என்ற பகுதி. அங்கே சந்தியாகோ தெ கொம்பொஸ்தேலா என்ற ஊரில் அவருடைய கல்லறை இருப்பதாக நம்பிக்கை. நடுக்காலத்தில் ஐரோப்பா முழுவதிலுமிருந்து ஜனங்கள் அங்கே நடந்தே போனார்கள். கலீசியாக் கடற்கரையில் இந்தச் சிப்பி நிறையக் கிடைக்கும். போய்வந்ததற்கு அடையாளமாகத் தொப்பியிலோ அங்கியிலோ ஒன்றைக் குத்திக்கொண்டு திரும்புவார்கள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த 'கோடெக்ஸ் கலிக்ஸ்டினஸ்' என்ற கையெழுத்து நூலிலேயே இந்தச் சிப்பி வழக்கம் பதிவாகியிருக்கிறது. வழியில் தண்ணீர் மொண்டு குடிக்கவும் அதே ஓடு உதவியிருக்கும். இன்றைக்கும் அந்தப் பாதையில் போகிறவர்கள் பையில் ஒரு சிப்பியைத் தொங்கவிட்டுக்கொள்கிறார்கள். வழிகாட்டிக் கல்லில் நீலத்தின் மேல் மஞ்சள் சிப்பி இருக்கும்.

நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. ஆகஸ்ட் கடைசியில் காவி உடுத்திக்கொண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்களைப் பார்க்கிறோமே, அவர்கள் கையில் சிப்பி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். திரும்பும்போது அங்கே கடையில் சிப்பி மாலை வாங்கி வருகிறார்கள்.

பீச்சில் பொறுக்கிய வரி வரியான சிப்பி என்னிடம் இருக்கிறது. அது ஸ்காலப்தானே?

பத்தில் ஒன்பது தடவை இல்லை. தேவனாம்பட்டினம் பீச்சில் கனமான, வெள்ளையான, வரி ஓடிய கிளிஞ்சல்கள் கிடைக்கும். அவற்றை ஸ்காலப் என்று நம்பி ஒரு டப்பா நிறைய எடுத்துவந்தேன். மாமா ஒன்றை எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டினார். இரண்டு ஓடும் சேரும் மூட்டு நீளமாக, நேராக இருந்தது. அதில் பொடிப் பொடியாக ரம்பப் பல் வரிசை. "இது வேற ஜாதி. நீ சொல்றதுக்கு காது இருக்கும்மா" என்றார்.

அந்தக் காதைத்தான் தேட வேண்டும். ஸ்காலப் ஓட்டின் வரிகள் எல்லாம் கீழே ஒரு மூலையில் வந்து கூடும். அங்கே இரண்டு பக்கமும் முக்கோணமாக இரண்டு சிறகு நீட்டிக்கொண்டிருக்கும், குழந்தைச் சட்டைக் காலர் மாதிரி. ஓடு பெரும்பாலும் மெலிசு. பல இனங்களில் ஒரு ஓடு குழிந்தும் மற்றது தட்டையாகவும் இருக்கும். உள்ளே சதை ஒட்டியிருந்த தழும்பு ஒன்றே ஒன்று, வட்டமாக. நான் பொறுக்கிய கனத்த சிப்பிகளில் அந்தத் தழும்பு இரண்டு இருந்தது.

ஆனால் நம் கரையில் ஸ்காலப்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 1791இல் கிமெலின் என்ற ஜெர்மானிய அறிஞர் வகைப்படுத்திய ஒரு ஸ்காலப்பின் அறிவியல் பெயரே 'ட்ராங்க்வபாரியா' என்று முடிகிறது. ட்ராங்க்வபார் என்றால் தரங்கம்பாடி, காரைக்காலுக்குச் சற்று வடக்கே. அப்போது அது டேனிஷ்காரர் கையில் இருந்தது. நம் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு ஒரு சிப்பி உலகத்து அருங்காட்சியகங்களில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்காலப்புக்கென்று தனியாகத் தொழில் நம் கரையில் நடப்பதில்லை. வலையில் எப்போதாவது மாட்டும், கழிவோடு கழிவாகப் போகும். மாமா எடுத்துவைத்த ஒன்று என் கடையில் பட்டன் டப்பாவில் இருக்கிறது. செம்மண் நிறம், பெருவிரல் அகலம்தான்.

தமிழில் ஸ்காலப்புக்குப் பெயர் கிடையாதா?

கடற்கரையில் எல்லா இரட்டை ஓட்டு உயிருக்கும் சேர்த்து சிப்பி என்பார்கள். காலியான ஓடு என்றால் கிளிஞ்சல். சுண்ணாம்புக்குச் சுடுவதும் அதைத்தான். தின்கிற வகைகளில் மட்டி, ஆளி என்று பிரிவு உண்டு. பழந்தமிழில் 'இப்பி' என்ற வடிவமும் இருக்கிறது. விற்காத, தின்னாத ஒன்றுக்கு யாரும் மெனக்கெட்டுத் தனிப்பெயர் வைப்பதில்லை.

இதன் அறிவியல் பெயரில் வரும் 'பெக்டென்' லத்தீனில் சீப்பு. வரிகளைச் சீப்பின் பல்லாகப் பார்த்திருக்கிறார்கள். நாம் வாழைப்பழத்தைச் சீப்புக் கணக்கில் வாங்குகிறோமே, அதே பார்வைதான். சீப்பும் சிப்பியும் காதுக்கு ஒன்றுபோல இருப்பது தற்செயல். இதைச் சொன்னால் மகள் மட்டும் நம்ப மாட்டேன் என்கிறாள்.

ஓரத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமானால் எனக்குப் பிடித்தது 'பிறை ஓரம்'. 'அலை ஓரம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது தப்பு என்பது என் கட்சி. அலை மேலும் கீழும் ஒரே மாதிரி வளையும். ஸ்காலப் வெளிப்பக்கம் வட்டமாகவும் உள்பக்கம் கூர்மையாகவும் இருக்க வேண்டும். அந்தக் கூர்மை போய்விட்டால் அது வேறு டிசைன்.

ஜாக்கெட் கையில் ஸ்காலப் எப்படிச் சரியாக வரும்? நான் தைத்தால் சுருங்குகிறது.

எனக்கும் சுருங்கியது, முகூர்த்தப் பட்டில். கடை போட்ட இரண்டாவது வருஷம் அது. வளைவுக்கு நடுவில் இருக்கும் மூலைகளில் வெட்டு கொடுக்காமலே திருப்பிவிட்டேன். எட்டு பிறையும் எட்டு மூட்டையாக நின்றது. சரிசெய்கிறேன் என்று கத்தரி முனையை உள்ளே விட்டுக் குத்தித் தள்ள, மூன்றாவது பிறையில் பட்டு பிளந்துகொண்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து புதுக் கை வெட்டித் தைத்தேன். நல்லவேளை, முந்தானைப் பக்கத்து ரன்னிங் துணி கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அன்றிலிருந்து இப்படித்தான் செய்கிறேன். கை சுற்று 11 இன்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். தையலுக்கு விடுவதைச் சேர்க்காமல் சரியாக 11 இன்ச் நீளத்துக்கு ஒரு பேப்பர் பட்டை வெட்டுங்கள். அதைப் பாதியாக மடித்து, இன்னொரு தடவை, மூன்றாவது தடவையும் மடியுங்கள். எட்டுச் சம பாகம் வந்துவிடும், கணக்கே வேண்டாம். ஒரு பாகம் 1⅜ இன்ச், அதாவது சுமார் 35 மில்லிமீட்டர். மேல் மடிப்பில் பத்து ரூபாய் காசை வைத்து வளைவு வரையுங்கள். அதன் அகலம் 27 மில்லிமீட்டர், பாகத்தைவிடச் சுமார் 8 மில்லிமீட்டர் குறைவு. அதனால் காசை நடுவில் வைத்து, இரண்டு ஓரத்திலும் வளைவைக் கையாலேயே நீட்டிவிடுங்கள். ஒரே வெட்டு. பிரித்தால் எட்டுப் பிறை, இரண்டு முனையும் மூலையில் முடியும். அக்குள் தையலில் சேரும்போது பாதிப் பிறை துருத்திக்கொண்டு நிற்காது.

துணியின் நல்ல பக்கமும் லைனிங்கின் நல்ல பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, பேப்பரைப் பார்த்து சாக்பீஸில் கோடு போட்டு, பொடித் தையலாக ஓட்டுங்கள். மூலைக்கு வந்ததும் ஊசியைக் கீழே நிறுத்தி, குறுக்கே ஒரே ஒரு தையல் போட்டுவிட்டு அடுத்த வளைவுக்குத் திரும்புங்கள். அந்த ஒரு தையல் இடம் இருந்தால்தான் திருப்பும்போது மூலை இழுக்காது. பிறகு ஓரத்தில் கால் இன்ச்சுக்குக் குறைவாக விட்டு நறுக்கி, ஒவ்வொரு மூலையிலும் நூல் வரைக்கும் போய் நூலைத் தொடாமல் ஒரு வெட்டு கொடுங்கள். வளைவிலும் அங்கங்கே சின்ன நாச். திருப்பியதும் முனை மழுங்கிய எதையாவது வைத்துத் தள்ளுங்கள். நான் ஐஸ் குச்சி வைத்திருக்கிறேன். கடைசியில் அயர்ன் பாக்ஸ். ரெடிமேட் ஸ்காலப் லேஸ் வைத்து ஒட்டுவதும் உண்டு. அவசரத்துக்கு நானும் செய்கிறேன், ஆனால் அதைத் தைத்தது என்று சொல்லிக்கொள்வதில்லை.

எம்பிராய்டரியில் 'ஃபெஸ்டோன்' என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஓரம் ஒன்று, பார்வை வேறு. பிரெஞ்சு எம்பிராய்டரியில் இந்த வளைவு ஓரத்துக்கு ஃபெஸ்டோன் என்று பெயர். அந்த ஓரம் பிரியாமல் நெருக்கமாகப் போடும் தையலுக்கும் அதே பெயர். இது இத்தாலியிலிருந்து வந்தது, 'ஃபெஸ்டா' என்ற திருவிழாச் சொல்லின் பிள்ளை. பண்டிகைக்கு வாசலில் தொங்கவிடும் மாலைதான் ஃபெஸ்டோன். நம் தோரணம். ஆங்கிலேயன் அந்த ஓரத்தில் சிப்பியைப் பார்த்தான், பிரெஞ்சுக்காரன் தோரணத்தைப் பார்த்தான். ரொமென் ரோலான் வீதியில் குளூனி சகோதரிகள் நடத்தும் எம்பிராய்டரி மையத்தில் பெண்கள் உட்கார்ந்து கையால் பூவேலை செய்வதைப் போய்ப் பாருங்கள். மிஷின் ஓரத்துக்கும் கை ஓரத்துக்கும் உள்ள தூரம் புரியும்.

சிட்னியில் இருக்கும் தம்பி கடையில் ஸ்காலப் கேட்டானாம், உருளைக்கிழங்கு பஜ்ஜி கொடுத்தார்களாம். நிஜமா?

நிஜம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ், குயின்ஸ்லாந்து பக்கம் 'பொட்டேட்டோ ஸ்காலப்' என்றால் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி, மாவில் தோய்த்து, எண்ணெயில் பொரித்தது. கடலை மாவுக்குப் பதில் மைதா, மிளகாய்த்தூள் இல்லை, மற்றபடி நம் டீக்கடை பஜ்ஜிதான். மெல்போர்னுக்குப் போனால் அதையே 'பொட்டேட்டோ கேக்' என்பார்கள். இதில் இரண்டு ஊர்க்காரர்களுக்கும் நம் சாம்பார் சண்டை மாதிரி ஓயாத சண்டை.

அமெரிக்காவில் 'ஸ்காலப்ட் பொட்டேட்டோ' என்பது வேறு. பாலில் மெல்லிய துண்டுகளை அடுக்கி ஓவனில் வேகவைப்பது. 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலச் சமையல் புத்தகங்களில் ஆளியை ரொட்டித் தூளோடு ஸ்காலப் ஓட்டிலேயே வைத்துச் சுடுவது உண்டு. ஓடே தட்டானதால் அப்படிச் சமைப்பதற்கே ஸ்காலப் என்று பெயர் வந்தது. ஓடு போய்த் தட்டு வந்தபிறகும் பெயர் போகவில்லை.

ஷெல் பெட்ரோல் பங்க் சின்னத்தில் இருப்பது இதே சிப்பியா?

இதேதான். லண்டனில் மார்கஸ் சாமுவேல் என்பவர் 1833 வாக்கில் கிழக்கு நாடுகளிலிருந்து சிப்பிகளை வரவழைத்து விற்கத் தொடங்கினார். சிப்பி ஒட்டிய அலங்காரப் பெட்டிகளுக்கு அங்கே அப்போது கிராக்கி. அவருடைய பிள்ளைகள் எண்ணெய் வியாபாரத்தில் இறங்கி 1897இல் ஆரம்பித்த கம்பெனிக்கு, அப்பாவின் தொழிலை நினைத்து ஷெல் என்று பெயர் வைத்தார்கள். 1901இல் போட்ட சின்னம் வேறொரு சிப்பி. 1904இல்தான் ஸ்காலப் வந்தது.

ஸ்காலப்புக்குக் கண் உண்டு, நீந்தும் என்கிறார்களே?

இரண்டும் உண்மை. ஓட்டின் ஓரத்தில் மணி கோத்த மாதிரி வரிசையாகக் கண்கள், இருநூறு வரைகூட இருக்கும். ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒளியைத் திருப்பி அனுப்பும் கண்ணாடிப் படலம் ஒன்று உண்டு, பெரிய தொலைநோக்கிகளில் இருப்பது போல. என் ஆரி ஒர்க் கஸ்டமர் ஒருத்தி பிறை ஓரத்தில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு மணி வைக்கச் சொல்வாள். உயிரோடு இருக்கும் ஸ்காலப்பின் படத்தைப் பார்த்ததும் அவள் ஞாபகம்தான் வந்தது.

நீந்துவது, இரண்டு ஓட்டையும் டப்பென்று மூடித் தண்ணீரைப் பீய்ச்சி. மூடி மூடித் திறக்கிற அந்த வேலைக்காகவே நடுவில் ஒரு பெரிய சதை. ஹோட்டலில் வெள்ளையாக, மினி இட்லி மாதிரி வருவது அதுதான். 1977இல் எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியல் அறிஞர் இதை வைத்து ஒரு கணக்கே சொன்னார். கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன உயிருக்குத் தண்ணீர் தேன் மாதிரிப் பிசுபிசுக்கும். அங்கே வெறுமனே திறந்து மூடினால் முன்னால் போன தூரம் அப்படியே பின்னால் வந்துவிடும், நகரவே முடியாது. இதற்கு 'ஸ்காலப் தேற்றம்' என்று பெயர்.

டாக்டர் சீட்டில் 'ஸ்காலப்ட் டங்' என்று எழுதியிருக்கிறது. பயப்பட வேண்டுமா?

நாக்கின் ஓரத்தில் பல் அழுந்தி வளைவு வளைவாகத் தடம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம். பல்லைக் கடிக்கும் பழக்கம், நாக்கு தடித்திருப்பது, தைராய்டு குறைவு என்று காரணம் பல. எழுதிய டாக்டரிடமே கேளுங்கள், தையல்காரியிடம் வேண்டாம்.

இதே மாதிரி மெக்கானிக் 'டயர் ஸ்காலப் ஆயிருக்கு' என்றால் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கிறது, ஷாக் அப்சார்பரைப் பாருங்கள் என்று பொருள். கொம்பன் சுறாவில் ஒரு வகைக்கு ஆங்கிலப் பெயரில் ஸ்காலப் வருவது, தலையின் முன் ஓரம் வளைந்து வளைந்து இருப்பதால். பி.எட். படிக்கும் பெண் ஒருத்தி கேட்டாள்: ஸ்கின்னரின் உளவியல் பாடத்தில் வரும் ஸ்காலப் எது என்று. குறிப்பிட்ட இடைவெளியில் மட்டும் பரிசு கிடைத்தால், கிடைத்தவுடன் வேலை படுத்துக்கொள்ளும், அடுத்தது நெருங்க நெருங்கச் சூடுபிடிக்கும். வரைபடத்தில் அது பிறை பிறையாக விழும். பரீட்சைக்கு முந்தின வாரம் உன் வீட்டில் லைட் எத்தனை மணி வரைக்கும் எரிகிறது என்று திருப்பிக் கேட்டேன், சிரித்தாள்.

ஸ்காலப் என்ற பெயருக்காக நாடுகள் சண்டை போட்டதாகப் படித்தேன்.

போட்டார்கள். எந்தச் சிப்பியை 'கொக்கீய் சேன் ழாக்' என்று விற்கலாம் என்று பிரான்ஸ் கட்டுப்பாடு கொண்டுவந்தது. எங்கள் சிப்பி உங்கள் கடையில் விலை இறங்கிப்போகிறது என்று கனடா 1995இல் உலக வர்த்தக அமைப்பில் புகார் கொடுத்தது. பெருவும் சிலியும் சேர்ந்துகொண்டன. 1996இல் சமரசம் ஆனது. காஞ்சிபுரம் என்று சொல்லி வேறு ஊர்ப் பட்டை விற்பதைப் பார்த்து எரிச்சல்பட்டவர்களுக்கு இரண்டு பக்கத்து நியாயமும் புரியும்.

பெயர் என்று வந்தபிறகு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கலீசியாவில் இதற்கு 'வியெய்ரா', வீனஸ் தேவதையின் பெயரிலிருந்து வந்தது. போட்டிச்செல்லியின் ஓவியத்தில் அந்தத் தேவதை நிற்பது இந்த ஓட்டின் மேல்தான். ஜப்பானில் 'ஹொடதே', பாய்மரம் விரித்தது என்று பொருள். ஒரு ஓட்டை நிமிர்த்திப் பாய் மாதிரி வைத்துக்கொண்டு காற்றில் போகும் என்று நம்பினார்களாம். மாமாவிடம் சொன்னேன். "அது போவட்டும், டீசல் விக்கிற விலைக்கு நாமளும் அப்படித்தான் போவணும்" என்றார்.

நிஜமான ஸ்காலப் ஓட்டை வைத்தே ஜாக்கெட்டுக்கு ஓரம் வரையலாமா?

வரைந்து பார்த்தேன். மாமா கொடுத்த அந்தச் செம்மண் நிறச் சிப்பியைப் பேப்பர் மேல் கவிழ்த்து, பென்சிலால் சுற்றிக் கோடு இழுத்தேன். ஒவ்வொரு வரிக்கும் அரிசி அகலத்துக்கு ஒரு பொடி வளைவுதான் விழுந்தது. தையல் மிஷினில் அதைத் திருப்பவே முடியாது. கைக்குப் பத்து ரூபாய் காசு, புடவை பார்டருக்கு 2-4 சைஸ் வளையல். சிப்பி பட்டன் டப்பாவிலேயே இருக்கிறது. யாராவது ஸ்காலப் என்றால் என்ன என்று கேட்டால் எடுத்துக் காட்டுவேன்.